முழு மார்க் வாங்கிய நோயாளி

“இந்த ஆரஞ்சுக் குமிழியைப் பாருங்க டாக்டர். கொஞ்ச வருஷம் முன்னாடி பட்டாணி சைஸ்ல இருந்தது. இப்ப பலூன் மாதிரி ஊதிக்கிடக்கு.”

சுவரில் விழுந்த படத்தை அவள் விரலால் தொட்டுக் காட்டினாள். ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிப் பிரிவில் அவளுக்கு ஒரே வேலை. வயதானவர்களுக்கு ஆபரேஷன் செய்வது பற்றி உலகத்தில் யார் கட்டுரை எழுதினாலும் அதைப் பிடித்து வந்து, எந்த விஷயம் அதிகம் பேசப்படுகிறது, எது ஓரங்கட்டப்படுகிறது என்று படம் போட வேண்டும். அதிகம் பேசப்படுவது பெரிய குமிழி. யாரும் சீண்டாதது சின்னக் குமிழி. லிஃப்ட் ஆபரேட்டரிலிருந்து சர்ஜன் வரை எல்லாருக்கும் அவள் ‘குமிழி மேடம்’தான்.

“பழைய கட்டுரைக்கெல்லாம் ஒரே கவலை. ஆபரேஷனுக்கு அப்புறம் ஆள் இருக்காரா, போயிட்டாரா. இப்ப எழுதறவங்க அதோட விடறதில்லை. எழுந்து நடந்தாரா, தானா சாப்பிட்டாரா, உள்ளே போன அதே மனுஷனா வெளியே வந்தாரா. அந்தக் கடைசிக் கேள்விதான் இந்த ஆரஞ்சு.”

ஆரஞ்சுக் குமிழியின் பெயர் குழப்பம். மயக்கம் தெளிந்த பிறகும் தெளியாத மனசு. எலும்பைச் சரிசெய்து கொடுத்தால், பெற்ற பிள்ளையைப் பார்த்து ‘நீங்க யாரு’ என்று கேட்கிற அப்பாக்கள். பலருக்குச் சில நாளில் சரியாகிவிடும். சிலர் அந்தப் பக்கமே தங்கிவிடுவார்கள். ஏற்கெனவே ஞாபகம் லேசாகக் கசிய ஆரம்பித்தவர்களுக்கு ஆபத்து அதிகம்.

எதிரே உட்கார்ந்திருந்த பெரிய டாக்டர் திருப்தியாகத் தலையாட்டினார். முதியோர் பிரிவின் தலைவர். அந்தக் குமிழியை நம்பித்தான் அவர் ‘துணை வார்டு’ என்று ஒன்றை ஆரம்பித்திருந்தார். பெரிய ஜன்னல், கண்ணில் படுகிற இடத்தில் கடிகாரம், மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பூட்டி வைக்காத நர்சுகள், எல்லாவற்றுக்கும் மேலாக, எந்நேரமும் பக்கத்தில் வீட்டு ஆள் ஒருவர். தூக்க ஊசி அங்கே கடைசி ஆயுதம். ஆனால் படுக்கைகள் கொஞ்சம்தான். அதனால் ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு ஞாபகப் பரீட்சை வைத்தார்கள். மார்க் குறைந்தால் துணை வார்டு. நல்ல மார்க் என்றால் பொது வார்டு.

அந்தக் கேள்விகளை நோயாளிகள் பேசுகிற பேச்சுக்கு மாற்றிக் கொடுத்ததும் குமிழி மேடம்தான்.

மேஜை மேல் போன் அதிர்ந்தது. அப்பாவின் எதிர் வீட்டு டெய்லர்.

“பதறாதீங்க மேடம். ஐயா படியில விழுந்துட்டார். கால் திரும்பிக் கிடக்கு. ஆம்புலன்ஸ் உங்க ஆஸ்பத்திரிக்குத்தான் வருது.”

“வழுக்கிடுச்சா?”

டெய்லர் தயங்கினார். “மேல் மாடி வீட்டுக் கதவுல சாவி போட்டுட்டிருந்தார் மேடம். திறக்கலைன்னு கோபமாத் திரும்பினார். கால் தவறிடுச்சு.”

அப்பாவின் வீடு அதற்கு ஒரு மாடி கீழே.

*

எமர்ஜென்சி வாசலில் ஸ்ட்ரெச்சரை இறக்கும்போதே ஆம்புலன்ஸ் டிரைவர் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தார்.

“உங்க அப்பாவா மேடம்? லைசென்ஸ் டெஸ்ட்ல என்னை எத்தனை தடவை திருப்பி அனுப்பினார் தெரியுமா? கடைசியா பாஸ் போட்டப்ப ரோட்டுலயே உட்கார்ந்து அழுதேன்.”

“அதனாலதான் இன்னைக்கு ஒரு குலுக்கல் இல்லாம கொண்டுவந்தே,” என்றார் ஸ்ட்ரெச்சரில் கிடந்தவர். “வளைவுல மட்டும் இண்டிகேட்டர் போடலை. சத்தம் வரலையே, கவனிச்சேன்.”

ரிட்டயர் ஆகும்வரை அப்பா வாகன இன்ஸ்பெக்டர். ‘ஃபெயில் ஐயா’ என்றால்தான் ஊருக்குத் தெரியும். அந்தப் பட்டத்தை அவர் மெடல் மாதிரி மாட்டிக்கொண்டு திரிந்தவர்.

எக்ஸ்ரேயில் இடுப்பெலும்பு சுத்தமாக முறிந்திருந்தது. நாளைக் காலையே ஆபரேஷன் என்றார் எலும்பு டாக்டர். படுக்கப் போட்டு வைத்தால் நுரையீரலில் சளி கட்டும், தள்ளிப்போட முடியாது.

“எப்படிப்பா விழுந்தீங்க?”

“படியெல்லாம் ஈரம்மா. கூட்டறவ தண்ணியைக் கொட்டிட்டுப் போயிட்டா.”

கொஞ்ச நேரம் கழித்து எலும்பு டாக்டர் அதையே கேட்டார். “பல்பு மாத்த ஏறினேன் டாக்டர்,” என்றார் அப்பா, அதே உறுதியோடு. சாவியைப் பற்றி இரண்டு பதிலிலும் பேச்சில்லை.

டாக்டர் போனதும் அப்பா அவள் கையைப் பிடித்து இழுத்தார். “அம்மாகிட்ட சொல்லிட்டியா? பார்த்துச் சொல்லு. பயந்துடுவா.”

அம்மா இறந்து வருஷக்கணக்காகிறது.

அவள் முகத்தில் என்ன ஓடியதோ, அப்பா அதை உடனே படித்துவிட்டார். ஸ்டியரிங் பிடித்தவன் முகத்தைப் பக்கத்து சீட்டிலிருந்தே படித்து வாழ்ந்தவர். “அவ படத்துக்கிட்ட சொல்லச் சொல்றேன்டி. தினமும் அவகிட்ட சொல்லிட்டுத்தானே வெளியே போறேன்.” சிரித்தார்.

அவளும் சிரித்தாள்.

*

ஒரு நம்பிக்கை இருந்தது. பரீட்சை. அப்பாவுக்கு மார்க் குறையும். துணை வார்டு கிடைக்கும். அவள் லீவு போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வாள். இத்தனை வருஷம் படித்ததெல்லாம் ஒரு மனுஷனுக்காவது உதவும்.

பரீட்சை வைக்கிற பெண்ணை நோயாளிகள் ‘கேள்விக்காரி’ என்பார்கள். அவள் வராந்தாவில் துள்ளிக்கொண்டு வந்தாள்.

“வாழ்த்துக்கள் மேடம். அப்பா முழு மார்க். இந்த வயசுல இப்படி ஒரு மார்க்கை நான் பார்த்ததே இல்லை.”

“முழு மார்க்கா?”

“அஞ்சு வார்த்தை சொல்லி, கொஞ்ச நேரம் கழிச்சுத் திருப்பிக் கேட்டேன். பாலம், எலுமிச்சை, கத்திரி, மழை, நாற்காலி. வரிசை மாறாம ஒப்பிச்சார். நான் ஒரு கேள்வியைக் கொஞ்சம் மாத்திக் கேட்டுட்டேன். ‘அப்படி இல்லம்மா’ன்னு என்னையே திருத்தினார்.”

குமிழி அவள் கையிலிருந்த கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தாள்.

திருத்துவார். திருத்தாமல் என்ன செய்வார். அந்த வாக்கியமே அவருடையது.

கேள்வித்தாளை எழுதிக்கொண்டிருந்தபோது, காதில் இயல்பாக விழுகிறதா என்று பார்க்க, ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் அப்பாவிடம்தான் வாசித்துக் காட்டினாள். “‘இன்றைய கிழமை யாது’ன்னு எவன்டி கேப்பான்? ‘இன்னைக்கு என்ன கிழமை’ன்னு கேளு,” என்று ஒவ்வொன்றாகச் சீவிக் கொடுத்தார். வேலை முடிந்த பிறகும், “என்னம்மா, இன்னைக்கு டெஸ்ட் இல்லையா?” என்று கேட்பார். தனியாக இருக்கிற மனுஷன், பேச்சுக்கு ஏங்குகிறார் என்று நினைத்து அவளும் மறுபடி மறுபடி வாசித்தாள்.

“கிழமை, தேதி எல்லாம்?” என்றாள் மெதுவாக.

“டக்குனு சொன்னார். நான் வர்றதுக்கு முன்னாடியே பக்கத்து பெட்காரர்கிட்ட பேப்பர் வாங்கிப் படிச்சிட்டிருந்தார் மேடம். சுறுசுறுப்பான மனுஷன்.”

*

பெரிய டாக்டர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“ஆக, உங்க அப்பா காப்பி அடிச்சு பாஸ் பண்ணிட்டார்னு புகார் கொடுக்க வந்திருக்கீங்க.”

“சிரிக்காதீங்க டாக்டர். மேல் மாடிக் கதவுல சாவி போட்டிருக்கார். அம்மாவைக் கேக்கறார்.”

“மாடி தப்பா ஏறாதவன் யாரு? நானே போன வாரம் அடுத்தவன் காரை இழுத்துட்டிருந்தேன். அம்மாவைக் கேட்டது வலியில இருக்கலாம், வலி மருந்துல இருக்கலாம். சரி, உங்க திருப்திக்கு ஒண்ணு பண்றேன். மனப்பாடம்னா ஒரு தாள்தானே? நம்மகிட்ட இன்னும் ரெண்டு மாற்றுத் தாள் இருக்கு. வேற வார்த்தை, வேற கணக்கு. வைக்கச் சொல்றேன்.”

“அதுவும்...” என்று அவள் ஆரம்பித்தாள். அவர் அதற்குள் கேள்விக்காரிக்குப் போன் போட்டுவிட்டார்.

மாற்றுத் தாள்களையும் அவள் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் வாசித்துப் பார்த்திருந்தாள்.

கேள்விக்காரி போய்விட்டு வந்தாள். இரண்டிலும் முழு மார்க். கடிகாரம் வரையச் சொன்னதற்கு நொடி முள்ளும் சேர்த்து வரைந்திருந்தாராம்.

“தாளுக்கு வெளியே ஏதாவது கேளுங்க டாக்டர். எதையாவது.”

“தாளுக்கு வெளியே கேட்டா அதுக்கு எப்படி மார்க் போடறது? உலகம் பூரா சரிபார்த்த கேள்விங்க இது. நீங்கதான் எனக்குப் படம் போட்டுக் காட்டினீங்க.” அவர் குரல் இறங்கியது. “வயித்துல கத்தி படப்போற அப்பாவைப் பார்த்தா எல்லாப் பொண்ணுக்கும் இப்படித்தான் இருக்கும். தப்பில்லை. ஒரு பெட் காலியா இருக்கு. உங்க முகத்துக்காக ஒதுக்கறேன். ஆனா அவர் வாயால சம்மதிக்கணும். இவ்வளவு தெளிவா இருக்கிற மனுஷனை அவர் விருப்பம் இல்லாம நான் எங்கேயும் மாத்த முடியாது.”

வயிறு இல்லை, இடுப்பு என்று திருத்த அவளுக்குத் தோன்றவில்லை.

*

வலி ஊசியில் அப்பா தணிந்திருந்தார். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அப்பா, ஒண்ணு கேக்கறேன். டெஸ்ட் ரூட்டை மனப்பாடம் பண்ணிட்டு வர்றவனை நீங்க என்ன பண்ணுவீங்க?”

“வண்டி கிளம்பினதும் வேற தெருவுல திரும்பச் சொல்வேன். அங்கேயே வேர்த்துடும் அவனுக்கு.”

“நான் இப்ப வேற தெருவுல திரும்பச் சொல்லவா?”

அப்பா போர்வை நுனியை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“ஆம்புலன்ஸ் டிரைவர் உங்களைப் பத்தி என்கிட்ட என்ன சொன்னார்?”

அப்பாவின் கண்கள் அறையைச் சுற்றின. மடித்து வைத்த செய்தித்தாள், கதவு மேல் ஒட்டிய அறிவிப்பு, பக்கத்துக் கட்டில்காரர். எங்கேயும் பதில் எழுதியிருக்கவில்லை. நெற்றியில் வேர்வை பூத்தது.

“திரும்பச் சொல்லாதே,” என்றார்.

அவள் துண்டால் நெற்றியைத் துடைத்துவிட்டாள். “எவ்வளவு நாளாப்பா?”

“அது ஞாபகம் இருந்தா இங்க ஏன் மாட்டறேன்.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார். “நீ முதல் தடவை வாசிச்சியே, அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சு போச்சு. அஞ்சு வார்த்தையில ரெண்டுதான் வந்தது. நீ கவனிக்கலை.”

“நான் பக்கத்துலதானே இருந்தேன்.”

“நீ வாக்கியம் சரியா இருக்கான்னு பார்த்துட்டிருந்தே.”

அந்த வார்த்தையில் குற்றச்சாட்டு இல்லை. அதுதான் அவளைக் குத்தியது. ஆயிரக்கணக்கான கட்டுரைகளில் ஞாபகம் போன முதியவர்களைத் தேடித் தேடிப் படித்தவள், எதிரே உட்கார்ந்திருந்த ஒருவரின் பதிலைக் கேட்கவில்லை. கேள்வி நன்றாக ஒலிக்கிறதா என்று மட்டும் கேட்டிருக்கிறாள்.

“துணை வார்டுக்கு வந்துடுங்கப்பா. நான் கூடவே இருப்பேன். டாக்டர் பெட் வெச்சிருக்கார். நீங்க சரின்னு சொன்னாப் போதும்.”

“அங்க யாரு படுத்திருப்பா? மறந்து போனவங்க.”

“அப்படி எழுதி ஒட்டலையே.”

“ஃபைல்ல எழுதுவாங்கம்மா. ஒரு தடவை எழுதினாப் போச்சு. அப்புறம் நான் காபி வேணும்னு கேட்டாக்கூட உன் பக்கம் திரும்பி, ‘குடுக்கலாமா மேடம்’னு கேப்பாங்க. உன் அம்மாவோட அண்ணனைப் பார்த்தேன்ல. மனுஷன் கட்டில்ல உயிரோட உட்கார்ந்திருந்தார், பேச்செல்லாம் அவர் தலைக்கு மேல நடந்தது. என்கிட்ட கேக்கற கேள்விக்கு நான்தான் பதில் சொல்லணும். தப்பாவே இருந்தாலும்.”

“பொது வார்டுல போட்டா அதைவிட மோசமாகலாம்பா. நான் படிச்சிருக்கேன்.”

“ஆகலாம்னு எழுதியிருக்கா, ஆகும்னு எழுதியிருக்கா?”

அவளால் பொய் சொல்ல முடியவில்லை. நூறு பேரில் எத்தனை பேர் என்று கட்டுரைகள் சொல்லும். இந்த ஒருத்தர் எந்தப் பக்கம் என்று எந்தக் கட்டுரையும் சொன்னதில்லை.

“அப்ப பாதி சான்ஸ் எனக்கும் இருக்கு,” என்றார் அப்பா. “யார்கிட்டயும் சொல்லாதே. சொன்னா எனக்கு உன்னைத் தெரியாது.”

*

அவள் சொன்னாள்.

வராந்தாவில் முகத்தைக் கழுவிக்கொண்டு நேராகப் பெரிய டாக்டரிடம் போய், மனப்பாடம் செய்ததை அப்பாவே ஒப்புக்கொண்டார் என்று சொன்னாள். அவர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. எழுந்து அவளோடு வந்தார். கேள்விக்காரியும் பின்னால் வந்தாள்.

“ஐயா, உங்க பொண்ணு ஒரு விஷயம் சொல்றாங்க. கேள்வியெல்லாம் உங்களுக்கு முன்னாடியே தெரியுமாம். உண்மையா?”

அப்பா மகளைப் பார்த்தார். நிதானமாக, ஒரு டிரைவரை எடைபோடுகிற மாதிரி. பிறகு டாக்டர் பக்கம் திரும்பினார்.

“சின்ன வயசிலிருந்தே இவ இப்படித்தான் டாக்டர். எனக்கு ஜலதோஷம்னா இவளுக்குக் காய்ச்சல் வரும். நாளைக்கு ஆபரேஷன் எனக்கா இவளுக்கான்னே தெரியலை. ஏதாவது மாத்திரை இருந்தா இவளுக்குக் கொடுங்க.”

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். கேள்விக்காரி சிரித்தாள். பெரிய டாக்டர் உதட்டைக் கடித்தும் அடக்க முடியாமல் சிரித்தார்.

“துணை வார்டுக்கு வர்றீங்களா ஐயா? காத்தோட்டமா இருக்கும்.”

“வேண்டாம் டாக்டர். நிஜமாத் தேவைப்படறவங்களுக்கு அந்தப் படுக்கையைக் கொடுங்க.”

இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷன் எப்படிப் பேச முடியும்?

வெளியே வந்ததும் டாக்டர் அவள் தோளைத் தட்டினார். “நீங்க சொல்றது நிஜமாவே இருக்கலாம். நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா மூணு தாள்ல முழு மார்க் வாங்கின ஆளு வேண்டாம்னு சொல்றார். அந்த மார்க்கை ஒதுக்கித் தள்ள என்கிட்ட என்ன இருக்கு? உங்க வார்த்தை மட்டும்தான்.”

அவள் எழுதிய கேள்விகள், அவள் அப்பாவுக்குக் கொடுத்த உரிமை. அதை அவளாலேயே பிடுங்க முடியவில்லை.

கடைசியாக மயக்க மருந்து டாக்டரம்மாவிடம் போனாள். பழைய சிநேகிதி. அவள் மட்டும்தான் ஒரு கேள்வியும் கேட்காமல் நம்பினாள்.

“தியேட்டருக்குள்ள என் ராஜ்யம். இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப் போக வெக்கறேன். தூக்க மருந்தைத் தொடமாட்டேன். அவர் பாட்டுக்குப் பேசிட்டிருக்கட்டும். ஆனா கதவைத் தாண்டினா என் பேச்சு எடுபடாதுடி. வார்டு அவங்களோடது.”

அன்று சாயங்காலம் அப்பா அவளோடு பேசவில்லை. சம்மதக் கையெழுத்தைத் தானே போட்டார். அழகான, அழுத்தமான கையெழுத்து.

*

ஆபரேஷன் பிரமாதம். எலும்பு டாக்டர் கையுறையைக் கழற்றும்போதே கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். உள்ளே கிடந்தபடியே அப்பா அவருடைய டிரில்லைப் பற்றி விசாரித்தாராம்.

டிராலியில் வெளியே வந்தவர் அவளைப் பார்த்துக் கண் சிமிட்டினார். கோபம் தீர்ந்திருந்தது. “பாஸ்,” என்றார்.

அவளுக்கு ஒரு கணம் தான் படித்ததெல்லாம் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியது. அப்படியே இருந்துவிடட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

பொது வார்டின் கதவு அவளுக்கு முன்னால் மூடியது. ஆண்கள் வார்டு. பார்வையாளர் நேரம் சாயங்காலம் மட்டும்.

“நான் இங்கதான் வேலை பார்க்கறேன் சிஸ்டர்.”

“தெரியும் குமிழி மேடம். உங்களை விட்டா எதிர் பெட்காரர் சம்சாரமும் வரணும்பாங்க. அப்புறம் நான் ஊசி போடவா, கூட்டத்தைக் கலைக்கவா?” வார்டு சிஸ்டர் கடுமையாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னாள். நீளமான வார்டு அது. அந்த ஷிஃப்டில் அவளும் இன்னொரு நர்சும்தான்.

“கண்ணாடியை மட்டும் கழற்றாதீங்க. விழிச்சதும் எதிர்ல என்ன இருக்குன்னு தெரியணும்.”

“உடைஞ்சா எங்க தலையில விடியும் மேடம். டிராயர்ல பத்திரமா இருக்கும்.”

சாயங்காலம் போனபோது அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். கன்னத்தைத் தொட்டாள். சூடு இல்லை. அதற்குள் மணி அடித்து எல்லாரையும் வெளியே அனுப்பினார்கள்.

மறுநாள் காலை அவள் கம்ப்யூட்டரைத் திறப்பதற்குள் சிஸ்டரே போன் பண்ணினாள். “கொஞ்சம் வந்துட்டுப் போங்க மேடம்.”

சிஸ்டர் நடந்தபடியே சொன்னாள். விளக்கணைத்த கொஞ்ச நேரத்தில் ஆரம்பித்திருக்கிறது. வண்டியை யார் இங்கே நிறுத்தினார்கள் என்று கேட்டிருக்கிறார். கையில் ஏறிக்கொண்டிருந்த சொட்டு மருந்துக் குழாயைப் பிடுங்கியிருக்கிறார். எழுந்து நிற்கப் பார்த்திருக்கிறார். தடுத்த ஆயாவின் முகத்தில் அறைந்து, லைசென்ஸை எடு என்று கத்தியிருக்கிறார். டியூட்டி டாக்டர் வந்து ஊசி போட்டிருக்கிறார்.

அப்பாவின் இரண்டு மணிக்கட்டும் துணியால் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தது.

“இதை அவிழ்த்துடுங்க சிஸ்டர்.” முடிச்சில் கை வைத்தாள். “கட்டினா இன்னும் மோசமாகும். எவ்வளவோ எழுதியிருக்காங்க.”

“எழுதினவங்களை ஒரு நாள் டியூட்டிக்கு வரச்சொல்லுங்க மேடம். அவிழ்த்துவிட்டு இவர் கீழே விழுந்தா அடுத்த எலும்பும் போகும். அப்ப நீங்களே வந்து ஏன் கட்டலைன்னு கேப்பீங்க.”

ஆயாவின் கன்னம் வீங்கியிருந்தது. அந்தம்மா அப்பாவின் போர்வையைத்தான் சரிசெய்துகொண்டிருந்தாள்.

அப்பா கண்ணைத் திறந்தார். கண்ணாடி இல்லாத, ஊசியில் கலங்கிய கண்கள். அவளைத் தாண்டி எங்கோ பார்த்தன.

“அப்பா, நான்தான்.”

“வரிசையில நில்லுங்க,” என்றார் அப்பா மரியாதையாக. “கூப்பிடுவாங்க.”

*

அன்றே துணை வார்டுக்கு மாற்றினார்கள். இப்போது சம்மதம் கேட்க வேண்டியிருக்கவில்லை. கட்டுகளை அவிழ்த்தார்கள். ஊசியை நிறுத்தினார்கள். கண்ணாடியை மாட்டிவிட்டார்கள். அவள் லீவு போட்டுவிட்டு அந்த நாற்காலியிலேயே குடியிருந்தாள். பேசினாள், பாட்டு வைத்தாள், பேப்பர் படித்துக் காட்டினாள், கை பிடித்து நடக்க வைத்தாள். இடுப்பு நன்றாகக் கூடிவந்தது. நடந்தார். நடந்த அப்பாவுக்கு எங்கே போகிறோம் என்பதுதான் தெரியவில்லை.

பெரிய டாக்டர் நல்லவர். குற்ற உணர்ச்சியில் தினமும் வந்தார். ஒரு நாள் வாசலுக்கு அவளை அழைத்துப் போய்த் தணிந்த குரலில் பேசினார்.

“உங்களுக்கு இப்ப இது பிடிக்காது. ஆனாலும் சொல்றேன். பரீட்சையை முன்னாடியே பழகிட்டு வர்ற நோயாளி. இனிமே போன்லயே இந்தக் கேள்வியெல்லாம் கிடைக்கப் போகுது, வீட்டுக்கு வீடு பழகிட்டு வருவாங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி வைக்கிற பரீட்சையில இப்படி நடக்கறதைப் பத்தி யாராவது எழுதியிருக்காங்களா?”

அவள் ஏற்கெனவே தேடியிருந்தாள். அப்பா தூங்கும்போது போனிலேயே தேடினாள். பழகப் பழக மார்க் ஏறும் என்று யார் யாரோ எழுதியிருந்தார்கள். வெட்கத்தில் பழகுகிறவர்களைப் பற்றி, மகளிடமிருந்து மறைக்கப் பழகுகிறவர்களைப் பற்றி எதுவும் அகப்படவில்லை. ஒரு சின்னக் குமிழிகூட இல்லை.

“இல்லை டாக்டர்.”

“நீங்க எழுதணும். எப்ப முடியுமோ அப்ப. நாலு பேரைக் காப்பாத்தும்.”

காப்பாற்றும். அதில் அவளுக்குச் சந்தேகமில்லை. அந்த நாலு பேரில் அப்பா இருக்கமாட்டார், அவ்வளவுதான். “பார்க்கலாம் டாக்டர்,” என்றாள்.

“திரும்பிடுவாரா?” என்று கேட்கவும் கேட்டாள். பதில் தெரிந்த கேள்வி.

“திரும்பலாம்,” என்றார் டாக்டர்.

டிஸ்சார்ஜுக்கு முந்தின நாள் காலை ரவுண்ட்ஸ் வந்தது. பெரிய டாக்டர், பின்னால் இரண்டு ஜூனியர்கள், நர்ஸ். அப்பா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் மழித்து, தலை வாரி, பார்க்க ஒரு குறையும் இல்லை.

“காலையில சாப்பிட்டாரா?” என்று டாக்டர் கேட்டார். கட்டிலுக்கு மேலாக, அவளைப் பார்த்து.

“அவர்கிட்டயே கேளுங்க டாக்டர்.”

டாக்டர் புரிந்துகொண்டார். அப்பாவின் கண்மட்டத்துக்குக் குனிந்தார். “ஐயா, காலையில சாப்பிட்டீங்களா?”

ஜன்னலில் வெயில் இருந்தது. எதிரே கடிகாரம் இருந்தது. அப்பா டாக்டரின் வாயைப் பார்த்தார். சட்டைப் பையில் செருகியிருந்த பேனாவைப் பார்த்தார். உதடு லேசாக அசைந்தது. எல்லாரும் காத்திருந்தார்கள். ஒரு ஜூனியர் கால் மாற்றி நின்றான். நர்ஸ் அடுத்த கட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தாள். டாக்டர் மட்டும் குனிந்த முதுகை நிமிர்த்தவில்லை. அவரால் முடிந்த மட்டும் காத்திருந்தார்.

அப்பா மெதுவாகத் தலையைத் திருப்பினார். பக்கத்து நாற்காலியில் தினமும் உட்கார்ந்திருக்கிற அந்தப் பெண்ணைப் பார்த்தார். கேள்வி அவளுக்குத்தான் என்று நினைத்த மாதிரி, அவள் பதில் சொல்வதற்காக அவரும் காத்திருந்தார்.

“சாப்பிட்டார்,” என்றாள் அவள்.